கொள்முதல் எழுத்தரின் ஒன்பது மாதங்கள்

கர்ப்பிணிகளுக்கான கையேடுகளைப் படிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, நகர நூலகத்தின் கொள்முதல் எழுத்தருக்கு மசக்கை வந்தது. அவர் நாற்பத்தோரு வயது ஆண். அதுவரை ஜலதோஷத்தைத் தவிர வேறெதற்கும் விடுப்பு எடுத்தவர் அல்ல. சரியாக ஆறு பத்துக்கு வாந்தி எடுத்தார், வாயைக் கொப்பளித்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மறுநாளும் அதே ஆறு பத்து. அவர் அப்போது படித்துக்கொண்டிருந்த நூலின் முப்பத்தேழாம் பக்கத்தில், குமட்டல் காலை ஆறு மணியை ஒட்டி வரும் என்றும் பத்து நிமிடம் முன்பின்னாக இருக்கலாம் என்றும் அச்சாகியிருந்தது.

அந்த ஆண்டுதான் நகரின் மகப்பேறு மருத்துவமனை, பெயர் பதியும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நூலகத்தின் வழியாக ஒரு கையேடு தருவதென்று முடிவு செய்திருந்தது. அதற்கு முன்பு அவரவருக்குக் கிடைத்ததை அவரவர் படித்தார்கள். ஒரு புத்தகம் மாடிப்படி ஏறாதே என்றது, இன்னொன்று தினமும் நாற்பது படி ஏறச் சொன்னது. காத்திருப்பு அறையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் பக்க எண்களைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். நம்பகமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பதினெட்டு நூல்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. பொருளடைவு இல்லாத புத்தகத்தைக் கையால் தொடவும் மாட்டார் என்று பெயரெடுத்திருந்த தலைமை நூலகர் அம்மா, அந்தப் பதினெட்டையும் கொள்முதல் எழுத்தரின் மேசையில் அடுக்கச் சொன்னார். "உங்களுக்குக் குழந்தை இல்ல சார். அதனால உங்களுக்கு முன்கூட்டியே எந்த அபிப்பிராயமும் இருக்காது. நடுநிலையா பாப்பீங்க," என்றார்.

தன் மனைவிக்கு அது இரண்டாம் மாதம் என்பதை எழுத்தர் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஐந்தாம் மாதத்தில் அது இல்லாமல் போயிற்று. அப்போது வீட்டில் இருந்த கையேட்டில் ஐந்தாம் மாதத்துக்கு அடுத்து ஆறாம் மாதம்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றுபோன ஒருத்திக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. மனைவி அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அன்றிலிருந்து அந்த ரகப் புத்தகம் எதையும் வாசல் தாண்டி உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அவர் கணவர் இப்போது அவற்றின்படி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் வேலை பார்ப்பவர். எடை சரியில்லாத பொட்டலத்தை யார் சிபாரிசுக்கும் வாங்காதவர். கணவரின் நிலையை நான்கு நாள் பேசாமல் கவனித்துவிட்டு ஐந்தாம் நாள் வாயைத் திறந்தார்.

"நான் சுமக்கிறேன், நீங்க வாந்தி எடுக்கிறீங்க. நல்ல ஜோடிதான் போங்க."

"கிண்டல் பண்ணாதம்மா. நிஜமாவே முடியல."

"எனக்கு மட்டும் என்ன, நடிக்கிறேனா? ஆனா எனக்குக் காலையில ஒண்ணுமே இல்லீங்க. சாயங்காலம் கவுண்டர் மூடுற நேரத்துலதான் குடலைப் பிடுங்குது. அப்போ உங்க புஸ்தகம் புளுகுது."

இப்படித்தான் அந்த முறை பிறந்தது. சமையலறை மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடப்பட்டது. இடப்பக்கம் 'புத்தகப்படி' என்று எழுத்தருக்கு நேர்ந்தது, வலப்பக்கம் 'உள்ளபடி' என்று மனைவிக்கு நேர்ந்தது. மனைவிக்கு எந்த மாதமோ அந்த மாதத்து அத்தியாயத்தை மட்டும் ஒவ்வொரு நூலிலும் படிப்பது, இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் ஒரு குறி போடுவது, ஒத்துப்போகாத நூலைக் கட்டிவைப்பது என்று பேசி முடிவாயிற்று. இந்தப் பத்தி சரியில்லை, அடுத்த பத்தி பார்க்கலாம் என்ற சலுகையெல்லாம் மனைவியிடம் செல்லுபடியாகவில்லை.

காலை ஆறு பத்துப் புத்தகம் முதலில் போயிற்று. இரண்டாவது நூலை எழுதியவர் இனிமையானவர். தாய்மை அடைந்தவள் எப்போதும் புன்னகையோடு இருப்பாள் என்று அவர் எழுதியிருந்ததால், எழுத்தர் ஆறு நாள் கன்னம் வலிக்கச் சிரித்தபடி இருந்தார். அதில் ஒருநாள் சக ஊழியர் ஒருவரின் தகப்பனார் இறந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. இன்னொரு நூல், கையை மேலே தூக்கினால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்றது. எழுத்தரின் கைகள் தோளுக்கு மேல் எழும்ப மறுத்தன. மேல்தட்டு நூல்கள் நான்கு நாள் யாருக்கும் இரவல் போகவில்லை. "என்ன சார், இன்னைக்காவது கை மேல போகுமா?" என்று தலைமை நூலகர் காலையில் கேட்பார். "இன்னும் பதினாறு பக்கம் இருக்கு மேடம்," என்பார் இவர். அதே நான்கு நாளும் அவர் மனைவி தலைக்கு மேலிருந்த அலமாரியில் பார்சல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் கேட்டதற்கு, கைக்கும் கொடிக்கும் சம்பந்தமே இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டார். வயிற்றின் வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் நூலைப் படித்த வாரம் எழுத்தரின் வயிறு பத்திக்குப் பத்தி உருண்டையாகவும் கூராகவும் மாறியதில் சட்டைப் பொத்தான்கள் மூன்று தெறித்தன. குழு ஒன்று கூடி எழுதிய நூலால் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்த களைப்பு மட்டும் இருந்தது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகம், ஆண் ஊழியரின் மசக்கை மருத்துவ விடுப்பில் சேருமா பேறுகால விடுப்பில் சேருமா என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டது. திருமணச் சான்றிதழின் இரண்டு நகல்களை அனுப்பவும் என்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. மருத்துவமனையில் நர்ஸ், "ரெண்டு பேரும் வந்துட்டீங்களா? யாரு முதல்ல படுக்கிறீங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டார். மனைவியின் வயிற்றில் கருவியை வைத்தால் குதிரை ஓடுவதுபோல் குழந்தையின் இதயம் கேட்டது. எழுத்தரின் வயிற்றில் வைத்தால் தாள் புரளும் ஓசை கேட்டது. நர்ஸ் அதையும் அட்டையில் குறித்தார்: 'தாள் ஓசை, சீராக உள்ளது.'

ஐந்தாம் மாதத்தை அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். அந்த மாதம் முழுவதும் மனைவி 'உள்ளபடி' பக்கத்தில் தினமும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்: 'இருக்கிறது.'

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது இரண்டு நூல்கள் மிஞ்சின. ஒன்று பதினோராம் பதிப்பு கண்ட தடித்த நூல். வழவழப்பான தாள், ஒவ்வொரு பக்கத்திலும் வண்ணப்படம், அறுநூறு கேள்விகள், அறுநூறுக்கும் பதில். பெரும்பாலும் அது சரியாகவே சொல்லியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அதற்குத்தான் குறிகள் அதிகம். தலைமை நூலகருக்கு அதன் பொருளடைவின் மேல் தனிக் காதல். மற்றொன்று மருத்துவச்சிகள் சங்கம் ஒன்று வெளியிட்ட தொண்ணூற்றாறு பக்க நூல். சாம்பல் நிற அட்டை, படமே கிடையாது. 'ஆளுக்கு ஆள் மாறும்' என்பது அதில் பக்கத்துக்கு ஒருமுறை வந்தது. 'இது ஏன் என்று எங்களுக்குத் தெரியாது' என்று பதினான்கு இடங்களில் இருந்தது. இதைப் படிக்கும்போது மட்டும் எழுத்தரின் உடம்பு புத்தகத்தை விட்டுவிட்டு மனைவியைப் பின்பற்றியது. பத்தரை மணிக்குக் கவுண்டரில் மனைவிக்கு நெஞ்சு எரிந்தால், இரண்டு தெரு தள்ளி நூலகத்தில் இவருக்கும் எரிந்தது. அன்று மாலை நோட்டைப் பார்த்துவிட்டு மனைவி சந்தேகப்பட்டார்.

"என்னுதைப் பாத்துக் காப்பி அடிச்சீங்களா?"

"நோட்டு உன் கைப்பையிலதானே இருந்தது!"

தலைமை நூலகர் மட்டும் ஒப்பவில்லை. "இது புத்தகமா இல்ல கேள்வித்தாளா சார்? பயந்துபோய்க் கையில எடுக்கிறவங்களுக்கு ஒரு பதில் வேணாமா? எல்லாத்துக்கும் தெரியாது, போய்க் கேளுன்னா எப்படி?" கடைசியாக இரண்டிலும் ஒன்பதாம் மாத அத்தியாயத்தைப் படித்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரச் சொன்னார்.

புதன்கிழமை காலை எழுத்தர் தடித்த நூலைத் திறந்தார். கடைசி மாதத்தில் குழந்தை வளர்ந்து இடம் நெருக்கமாகிவிடுவதால் அசைவுகள் குறையும், இது பேற்றுக்கு முந்திய அமைதி, தாய் இந்த ஓய்வை அனுபவிக்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடக்கும் ஒரு பெண்ணின் படம். பதினொரு மணிக்கு எழுத்தரின் வயிற்றில் தாள் புரளும் ஓசை நின்றது. மத்தியானம் கடையடைத்த தெரு மாதிரி ஒரு நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. அந்தச் சுகத்தோடேயே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். பேறுகால விடுப்பில் இருந்த மனைவி தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எனக்கும் அப்படித்தாங்க! காலையிலேர்ந்து சமத்தா சும்மா கிடக்கு. என்னடா, இப்படி அமைதியா இருக்கேன்னு நெனச்சேன். இதுதானா விஷயம்?"

நோட்டுப் புத்தகத்தில் அன்று இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. பென்சில் மனைவியின் கையில் இருந்தது. குறி போட்டிருந்தால் தடித்த நூல் அன்றே வென்றிருக்கும். ஆனால் ஒரு தட்டை மட்டும் வைத்துத் தராசு பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "மத்ததுலயும் அந்த இடத்தைப் படிச்சிடுங்க, ரெண்டுக்கும் சேத்தே போட்டுடலாம். சத்தமா படிங்க," என்றார்.

எழுத்தர் அலுவலகப் பையிலிருந்து சாம்பல் அட்டையை எடுத்துத் திறந்து படித்தார். "குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், இடம் போதாமல் அப்படி இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாளை வரை பொறுத்துப் பார்க்காதீர்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இந்தப் பக்கத்தின் மீதியைத் திரும்பி வந்து படிக்கலாம்."

படித்து முடித்ததும் அவர் கால்கள் எழுந்தன.

"எங்க போறீங்க? சாப்பாடு போட்டாச்சு."

"தெரியலம்மா. கால் போகுது."

"நில்லுங்க. அது தூங்குது, அவ்வளவுதான். அங்க போய் ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டா அசடு வழியணும்."

"ஒண்ணும் இல்லன்னு சொன்னா நல்லதுதானே. நீ வா. என்னால நிக்க முடியல."

மனைவி அசட்டுப் பேருக்குப் பயப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்த மருத்துவமனையின் ஓர் அறையில் ஒருவர் வாய்திறந்து சொல்லும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது என்பது அவர் நினைவு. போகாதவரை யாரும் எதையும் சொல்ல முடியாது. எழுத்தருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் கால்களுக்கு அந்த அறை நினைவில்லை. அவை வாசலைத் தாண்டின. ஒற்றைச் செருப்போடு, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் மனைவியின் மணிக்கட்டுமாக அவர் தெருவில் இறங்கினார். பேருந்துக்காக நிற்கக் கால்கள் சம்மதிக்கவில்லை. மருத்துவமனை விரிப்புகளை ஏற்றிப்போகும் சலவை வண்டி எதிர்ப்பட்டது. ஓட்டுநர் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கதவைத் திறந்தார். மனைவி துணிமூட்டைகளின் மேல் உட்கார்ந்தார். எழுத்தர் வண்டிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தார். வழிநெடுக நடந்தார்.

நர்ஸ் மனைவியின் வயிற்றில் பட்டையைக் கட்டிக் கருவியை முடுக்கியதும் கால்கள் நின்றன. கருவியில் குதிரை ஓடவில்லை, தடுமாறி நடந்தது. நாற்பதாவது நிமிடத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பெண் குழந்தை. வெளியே எடுத்தபோது அழவில்லை. ஒருவர் தன் பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதி முடிக்கும் நேரம் வரை அழவில்லை. வெளியே எழுத்தரிடம் அப்படியொரு படிவத்தைத்தான் நீட்டியிருந்தார்கள். அவர் கதவு எண்ணை எழுதியபோது உள்ளே சத்தம் கேட்டது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தீங்கன்னா சார்..." என்று தொடங்கிய நர்ஸ், முடிக்காமல் கை கழுவப் போய்விட்டார்.

எழுத்தரின் வயிறு, சாம்பல் நூலின் கடைசி அத்தியாயத்தில் சொன்னபடி, ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்தது. அறிக்கை ஒன்பது நாள் தாமதமாகப் போயிற்று. ஒரே ஒரு வரிதான் இருந்தது: தொண்ணூற்றாறு பக்க நூலைப் பரிந்துரைக்கிறேன். தலைமை நூலகர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காரணம்னு ஒண்ணும் எழுதலையே சார். முழுசா படிச்சீங்கதானே?"

"இல்ல மேடம். நடுவுல எழுந்து போக வேண்டியதாப் போச்சு."

தலைமை நூலகர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு பொருளடைவு இல்லாத அந்த நூலில் இரண்டாயிரம் பிரதிகளுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த நகரத்தில் பகல் வேளையில் யாராவது, பெரும்பாலும் வயிற்றில் கைவைத்த ஒரு பெண்ணும் சில சமயம் முகச்சவரம் பாதியில் நிற்கும் அவள் கணவனும், சாம்பல் அட்டைக்குள் ஒரு விரலை வைத்துக்கொண்டு தெருவின் நடுவே விரைந்து போவார்கள். கால்களை அவர்கள் நடத்துகிறார்களா, கால்கள் அவர்களை நடத்துகின்றனவா என்று யாரும் ஆராய்வதில்லை. பேருந்துகள் நிற்கின்றன. சலவை வண்டி கதவைத் திறந்துகொள்கிறது. பாதிப் பேர் ஒன்றுமில்லை என்று தெரிந்து மாலையில் மெதுவாகத் திரும்பி வருகிறார்கள். வந்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு, விரலை எடுத்த இடத்திலிருந்து பக்கத்தின் மீதியைப் படிக்கிறார்கள்.