அஞ்சலையின் நான்கு கஞ்சாச் செடிகள்

ஜப்பான்காரன் இழுத்துப்போன சயாம் ரயில் வேலையிலிருந்து ஏகாம்பரம் உயிரோடு திரும்பிப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. அங்கே காலில் வந்த புண் ஆறவேயில்லை. எலும்பைக் குடையும் வலிக்கு ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு மணி நேரம் கேட்கும். இரண்டு இழுப்பு கஞ்சாப் புகை உள்ளே போனால்தான் அவர் பல்லைக் கடிப்பதை விட்டுக் கண்ணயர்வார்.

அதை விற்றுவந்த கிழவன் ஐம்பத்தேழாம் வருஷத் தைப்பூசத்துக்கு முன்பே பிடிபட்டுப் போனான். வேறு வழி தெரியாமல் அவர் மனைவி அஞ்சலை, பழைய பொட்டலத்தில் கிடந்த விதைகளை மாசி கழிந்ததும் காஜா பேராங்கில் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் மரவள்ளிக்கு நடுவே ஊன்றினாள். நான்கு முளைத்தன. தூரத்துப் பார்வைக்கு இரண்டு இலையும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஆனி மாதம் வெயில் கொளுத்தியது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடைக்கு மிளகாய் அரைத்துவிட்டு எரியும் கையோடு வருபவள், அரிசி கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் உட்காருவாள். வெயிலோடு பூச்சியும் வந்தது. இலைக்கு அடியில் கடுகைவிடச் சின்னதாய்ச் சிவப்புச் சிலந்திகள் வலை கட்டின. பிறகு பச்சைப் புழு. அடுப்புச் சாம்பலைத் தூவினாள். விடிந்ததும் புழுக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டாள். அப்படியும் இரண்டு செடி பட்டுப்போயின.

அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமிக்கு விஷயம் தெரியும். "கொசு மருந்து எங்க வீட்டுல கெடக்கு. அடிச்சா ஒரே நாள்ல செத்துடும்" என்றாள்.

"வேணாம்க்கா. இந்த எல அவரு நெஞ்சுக்குள்ள போவுது. அதுல எப்படி வெசத்த அடிப்பேன்?"

மூன்றாவதும் காய்ந்தது. எஞ்சிய ஒன்று ஆவணியில் பூ விட்டது. பட்டணம் முழுக்க மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த போலீஸ்காரன் சேதுராமன் ஒரு சாயங்காலம் காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"நாளன்னிக்குக் காலையில எங்க ஸ்டேஷன் மாத்தாங்க இந்த வரிசையில சோதன போடுறாங்க அக்கா. நானும் கூட வரணும். பிடுங்கிப் போட்டுருங்க."

"பத்து நாள் பொறுத்துக்க தம்பி. பூ முத்திடும்."

"என் கையில இல்லக்கா."

செடியை மண்ணோடு பெயர்த்துச் செமாபோக்கில் தெரிந்தவர் தோட்டத்துக்குக் கொண்டுபோவதென்று அஞ்சலை முடிவு செய்து, அன்றிரவே ஏகாம்பரத்திடம் சொன்னாள். மறுநாள் கடையிலிருந்து சாக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு மதியமே திரும்பினாள்.

ஏகாம்பரம் கொல்லையில் விழுந்து கிடந்தார். படுக்கையிலிருந்து தவழ்ந்தே வந்திருக்கிறார். புண் கிழிந்து மண்ணெல்லாம் ரத்தம். வேரோடு பிடுங்கிய செடியைத் துண்டு துண்டாய்க் கிழித்துக் கோழி எருவில் பிசைந்திருந்தார்.

"பாவி மனுசா! ஆறு மாசம் புள்ள மாதிரி வளத்தேனே!" அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள்.

"வழியில புடிச்சா உன்னைத்தான புள்ள கொண்டுபோவான். சயாம்ல நான் அடைபட்டுக் கெடந்தது போதும். நீ ஒருநாளும் உள்ள போகக் கூடாது."

ஓங்கிய கையாலேயே அவரை அள்ளித் தூக்கினாள்.

சோதனைக்கு வந்தவர்கள் மரவள்ளியைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மெர்டேக்கா அன்று தெருவே பாடாங் மைதானத்துக்குப் போயிருந்தது. ஏகாம்பரம் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியபடி கிடந்தார். பற்றிய இடம் கன்றிப்போயிற்று. கார்த்திகை மழையில் புண் புரையோடி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் சேதுராமன் வந்து வாசலிலேயே நின்றான். அஞ்சலை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன் தம்பி. சொன்னதால அவரு மூணு மாசம் துடிச்சாரு. உன்ன நல்லவன்னு சொல்றதா, என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவன் கோப்பியைத் தொடவில்லை. ஆறிப்போன அதை அஞ்சலை எடுத்துப்போய்ச் சூடு பண்ணி மறுபடி அவன் முன்னால் வைத்தாள்.