சுயம்பு கீழே இறங்கவில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் அல்ல, செம்பூர்க் கோகிலவாணி. எங்கள் பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவர்தான் பொறுப்பு. கட்டுரை கேட்டுப் போன் செய்தவர் தலைப்பையும் கையோடு கொடுத்துவிட்டார்: 'மூத்தோர், நடைப்பயிற்சி, தாய்மொழி'.

"படிக்கறவாளுக்கு ஒரு தெம்பு வரணும் சார். சோகம் மட்டும் வேண்டாம். போன வருஷமே எல்லாரும் சோகமா எழுதித் தள்ளிட்டா" என்றார்.

சரி என்றேன். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் இரண்டு கிழவர்கள் காலை வேளைகளில் சண்டை போட்டுக்கொண்டே நடப்பதை நெடுநாளாகப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பேச்சு பாலக்காட்டு வீட்டுப் பேச்சு, மற்றவருடையது திருநெல்வேலி. எதற்குச் சண்டை என்று தெரியாது. சண்டை இருவருக்கும் இனித்தது என்று மட்டும் தெரியும். அவர்களை வைத்து ஐந்து பக்கத்தை ஒப்பேற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

எழுத உட்கார்ந்த வாரம் ஒருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தார். மற்றவர் எங்கே என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், கதைக்கு வேலை இருந்திருக்காது. ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. பெயர்களும் நான் வைத்தவையே.

2

முதல் வரிகள், எழுதிய வரிசையில்:

'இளங்காலைக் காற்றில் மாட்டுங்காவின் மரங்கள் தலையசைத்து வரவேற்க' — வேண்டாம். மாட்டுங்கா மரங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, கார்களின் மேல் காக்கை எச்சம் விழ ஏற்பாடு செய்வது.

'நடப்பது நலம், நண்பரோடு நடப்பது' — இது கிளினிக் சுவரில் தொங்குகிற வாசகம்.

'ஜம்புநாதனுக்கு இன்று பேச ஆள் இல்லை.' இது இருக்கட்டும்.

3

ஜம்புநாதனுக்கு இன்று பேச ஆள் இல்லை. பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தைந்துக்கு மேல். மனைவி அம்மிணி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மகன் வெங்கியும் புனேக்கார மருமகள் ரஞ்சனாவும் இருக்கிறார்கள். இருவரும் தங்கமானவர்கள். (கெட்டவர்களாக வைத்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். வைத்துப் பார்த்தேன். ரஞ்சனா அவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இடம் வந்தது, என் பேனா நின்றுவிட்டது.)

ஜம்பு தமிழில் பேசினால் வெங்கிக்குப் புரியும். பதில் மட்டும் வேறு பாஷையில் வரும்.

"வெங்கி, ஜன்னல்ல கொக்கி கழண்டுடுத்து, பாத்தியோ?"

"ஹாம் அப்பா, தேக்தா ஹூம்."

பார்க்கிறேன் என்கிறான், பார்க்கவும் செய்வான். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவரில் பந்தை எறிந்தால் பந்துதான் திரும்பி வர வேண்டும், ஜம்புவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ வந்து சேர்கிறது. ஹிந்தியில் அவருக்குக் காய்கறி பேரம் பேசத் தெரியும். டாக்ஸிக்காரனை மடக்கத் தெரியும். பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஒரு நாளைக்கு வேண்டிய தமிழை அவர் காலை நடையில்தான் பேசித் தீர்த்தார். பேசியதெல்லாம் சுயம்புவிடம்.

சுயம்பு தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையை மகன் ஆதித்யன் மொபைல் கடையாக மாற்றிவிட்டான். தொண்ணூறு அடி ரோடு என்கிற தாராவித் தெருவிலிருந்து நடந்தே மாட்டுங்காவுக்கு வந்து, அங்கே ஜம்புவோடு சேர்ந்து நடந்து, நடந்தே திரும்புவார். எப்போதும் அவர்தான் இந்தப் பக்கம் வருவார். ஜம்பு அந்தப் பக்கம் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. மாட்டுங்காக்காரர்களுக்குத் தாராவி ரயில் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம்.

(கோகிலவாணி இந்த வரியை வெட்டுவார். வெட்டட்டும்.)

4

ஒரு பெரிய கோஷ்டியே முன்பு அங்கே நடந்தது. அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பூங்காவுக்குள் நோயைப் பற்றிப் பேசக் கூடாது. சர்க்கரை, பிரஷர், மூட்டு, மூலம், எதுவும் வாயில் வரக் கூடாது. பேசினவர் தண்டனையாக ஒரு சுற்றுத் தனியாக நடந்துவிட்டு வர வேண்டும், மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பார்கள். வயதானவர்கள் கூடினால் நாடி பிடிப்பதைத் தவிர வேறு பேச்சு ஓடாதே என்று, பேச்சைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது.

கோஷ்டி கரைந்தது. ஒருவரைப் பெங்களூருக்கு மகள் கூட்டிப் போனாள். ஒருவர் கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் சேர்ந்தார். ஒருவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறந்துபோனார், சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். மிஞ்சியது ஜம்புவும் சுயம்புவும். இரண்டு பேருக்கு எதற்குச் சட்டம்? ஆனாலும் விட்டபாடில்லை. ஜம்புவுக்கு முழங்கால் வலி எடுத்தால் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல் நேரம் கடத்துவார். சுயம்புவுக்கு மூச்சு வாங்கினால் நின்று ஏதாவது கட்டடத்தைப் பார்த்து, "இது எப்பம்வே இத்தனை மாடி கட்டுனான்?" என்பார். அவர் மூச்சை அளக்கிறாரே தவிரக் கட்டடத்தை அளக்கவில்லை என்பது ஜம்புவுக்குத் தெரியும். லேஸ் அவிழவே இல்லை என்பது சுயம்புவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருப்பதற்குப் பெயர் மரியாதை என்று இருவரும் நம்பினார்கள்.

5

இந்த இடத்தில் எனக்குச் சுயம்பு மேல் சந்தேகம் வந்தது. கடை நடத்தியவர், நாலு பேரிடம் வாய் கொடுத்து வளர்ந்தவர், ஓர் அசட்டுச் சட்டத்துக்கு இத்தனை கட்டுப்படுவாரா? இரண்டு தடவை அவரைத் திருத்தி எழுதினேன். ஒரு பிரதியில் அவர் வெளிப்படையாக, "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி பண்ணுதுவே, டாக்டர் பயங்காட்டுதான்" என்று சொல்லிவிட்டார். ஜம்பு அவரை உடனே டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாம் சுபமாக —

வேண்டாம். மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. உங்கள் வீட்டிலேயே பாருங்கள், யார் சொல்கிறார்கள்?

6

ஒரு திங்கட்கிழமை சுயம்பு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஜம்பு போன் செய்தார்.

"எங்க ஓய், ஆளையே காணோம்?"

"ஊருக்கு வந்திருக்கேம்வே. கோயில் கொடை. வர ஒரு மாசம் ஆவும்."

குரல் இளைத்திருந்தது. அது போகட்டும். குரலுக்குப் பின்னால், "பங்கார்வாலே!" என்று பழைய இரும்பு வாங்குகிறவன் கத்திக்கொண்டு போனான். திருநெல்வேலிச் சீமையில் எந்தத் தெருவிலும் அப்படி ஒருவன் கத்த மாட்டான். ஜம்புவுக்குக் காது மந்தமில்லை. சுயம்பு பம்பாயில்தான் இருக்கிறார், வீட்டில் படுத்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ஜம்பு என்ன கேட்டார் தெரியுமா?

"கொடையெல்லாம் நன்னா நடக்கறதா?"

"அமோகமா நடக்குவே."

நான் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர்கள் அந்தக் கொடைத் திருவிழாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கிடா, யார் வீட்டு வரி, மேளம் எந்த ஊர் என்று ஒருவர் அளந்துகொண்டே போனார், மற்றவர் கேட்டுக்கொண்டே போனார். இப்படி ஒரு மாதம் ஓடியது. கொடை முடிந்தது, கல்யாணம் வந்தது, நிலத் தகராறு வந்தது. ஊரே இல்லாத ஊரில் இத்தனையும் நடந்தது. ஜம்பு தனியே நடந்தார். அதற்கப்புறம் ஒரு நாள் போனை ஒரு பெண் எடுத்தாள்.

"நா உமாமகேஸ்வரி பேசுதேன், மருமவ. மாமாவுக்கு மூச்சு வாங்குது சார். ரொம்ப முடியல. நீங்க ஒருக்கா வந்தியள்னா பாத்துருவாவ."

"ஊர்லேர்ந்து எப்போ வந்தார்?" என்றார் ஜம்பு. அப்போதும் அதைத்தான் கேட்டார்.

"எந்த ஊரு சார்? மாமா எங்கயும் போவலயே."

7

தொண்ணூறு அடி ரோட்டில் டாக்ஸி நின்றது. அதற்குமேல் சந்து. உமாமகேஸ்வரி வந்து அழைத்துப் போனாள். சந்து நெடுகத் தமிழ் கேட்டது. தண்ணீர்க் குழாயடியில் தமிழ், இட்லிக் கடையில் தமிழ், ஒருத்தி தன் புருஷனைத் திட்டிய திட்டு அச்சு அசல் தமிழ். வீட்டிலிருந்து ஒரு டாக்ஸித் தூரத்தில் இத்தனை இருந்ததா என்று ஜம்பு அங்கங்கே நின்று காது கொடுத்தார். அவருக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். தன் மேலேயே வந்த எரிச்சல்.

வீட்டின் கீழ்த்தளம் ஆதித்யனின் மொபைல் கடை. குடியிருப்பது மேலே. மேலே போவதற்குச் சந்திலிருந்து ஓர் இரும்பு ஏணி செங்குத்தாக நின்றது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கியது.

"இதுலயா ஏறணும்?"

"இங்க எல்லாருக்கும் இதான் சார். கயித்தப் புடிச்சுக்கிட்டே ஏறுங்க. ஏறிருவீயளா?"

இந்த ஏணியில்தான் சுயம்பு தினமும் இறங்கி, ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும் நெஞ்சை வைத்துக்கொண்டு. ஜம்பு இரண்டாவது கம்பியில் கால் வைத்தார். முழங்கால் மாட்டேன் என்றது. இன்னொரு காலை மாற்றிப் பார்த்தார். அதுவும் அதே ஜாதி. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதையாக அண்ணாந்து பார்த்தபடி கீழே இறங்கினார்.

"அவரைக் கீழே கொண்டு வர முடியாதோ அம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு எறக்குனமே. பிளாஸ்டிக் சேர்ல வச்சுக் கட்டி, நாலு பேரு புடிச்சு. ஆஸ்பத்திரின்னா ஓடி வருவாவ சார். பேசிக்கிடுததுக்குன்னு கூப்புட முடியுமா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை. பேச்சு ஒரு தேவை என்று இந்த உலகத்தில் யாரை நம்ப வைப்பது?

உமாமகேஸ்வரி ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து சந்தில் போட்டாள். ஜம்பு உட்கார்ந்தார். சந்து அடைந்துவிட்டது. போகிறவர்கள் அவர் முட்டியை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஏணியில் பாதி ஏறி, மேலே ஒரு காதும் கீழே ஒரு காதுமாக நின்றுகொண்டாள்.

ஜம்பு சட்டத்தை மீறினார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தே கேட்கும்படி, "ஓய் சுயம்பு! உடம்பு எப்படி ஓய் இருக்கு?" என்றார்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. மேலிருந்து மெல்லிய குரல் வருகிறது: "பேசிட்டேரே! போயி ஒரு சுத்து தனியா நடந்துட்டு வாரும்வே." இருவரும் சிரிக்கிறார்கள், கண்ணில் நீர். கோகிலவாணிக்கு இது பிடிக்கும். எனக்கும் முதலில் பிடித்தது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன். மூச்சுக்கு அல்லாடுகிறவனுக்கு என் கதையை முடித்து வைப்பதா வேலை?

ஆ. சந்துக்காரர்கள் கூடி ஜம்புவைத் தூக்கி மேலே ஏற்றுகிறார்கள். மாட்டுங்காவும் தாராவியும் கட்டிக்கொள்கின்றன. மலர் அட்டைக்கு ஆகும். ஆனால் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. காலை நேரம், எல்லாருக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

இ. ஜம்பு எழுந்து டாக்ஸியில் வீடு திரும்புகிறார். ரஞ்சனா மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். இது நடக்கக் கூடியது. எழுதத்தான் மனசு வரவில்லை.

9

உமாமகேஸ்வரி குனிந்து சொன்னாள்: "மாமா நல்லாருக்காவளாம். உங்களக் கேக்காவ, கால் எப்படி இருக்குன்னு."

ஜம்பு, "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்னு சொல்லும்மா" என்றார்.

அவள் மேலே பார்த்துச் சொன்னாள். எட்டிப் பார்த்துவிட்டு அவளே, "கேட்டுக்கிட்டாவ" என்றாள்.

(இரண்டு பேரும் பொய். இத்தனைக்குப் பிறகும் பொய். நான் எவ்வளவோ தடுத்தேன்.)

சந்தின் முனையில் ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் பால் கேன்கள். பால்காரன் ஹாரன் அடித்தான். ஸ்டூலை எடுத்தால்தான் அவன் போக முடியும். ஜம்பு எழுந்தாக வேண்டும். எழுந்து ஓரமாக நிற்கவும் அங்கே இடமில்லை, சந்தைவிட்டு வெளியேதான் போக வேண்டும். போனால் இன்னொரு தடவை வருவார் என்று எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. அவர் வர மாட்டார், வந்தாலும் மேலே ஆள் இருக்காது. இது எனக்கும் தெரியும், ஜம்புவுக்கும் தெரியும்.

ஆகவே எழுவதற்கு முன்னால் அவர் அண்ணாந்து ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பொய் இல்லாத ஒன்று. அத்தனை வருஷம் பேசியதில் பேசாமல் விட்டது. அந்த வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. எழுதிய எல்லாமே மலருக்கு எழுதியதுபோல் இருந்தது. இந்த ஊரில் தமிழைப் படிக்கிறவர் இன்னும் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள். உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது, வாய்விட்டுச் சொல்லுங்கள், மேலே கேட்க வேண்டும்.

பால்காரன் மறுபடியும் ஹாரன் அடிக்கிறான். ஜம்பு இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.