ஸ்கேன் சர்வரின் முறை

மல்லேஸ்வரத்தில் இருக்கும் அந்தச் சிறுநீரக மருத்துவமனையில் சர்வர் இரண்டு, அவற்றில் இருப்பதை டேப்பில் நகலெடுத்து வைக்கும் டேப் டிரைவ் ஒன்று. நோயாளிகளின் பதிவேடு இருந்த லினக்ஸ் சர்வர் பெர்னதெத்தின் பொறுப்பு. ஸ்கேன் படங்கள் இருந்த விண்டோஸ் சர்வர் ஆராவமுதனின் பொறுப்பு. ஒரே குழாயில் இரண்டு குடித்தனக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற கதைதான். ஒரு சர்வர் டிரைவைப் பிடித்துக்கொண்டால், அது விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். வலுக்கட்டாயமாகப் பிடுங்க ஒரு கட்டளை உண்டு. பிடுங்கினால் பாதி எழுதிய டேப் பாழ். அதனால் எடுக்கும் முன் இன்டர்காமில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெர்னதெத் கேட்கவில்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், பிடுங்கிவிட்டாள். அடுத்த வாரமே ஸ்கேன் சர்வரின் டிஸ்க் போய், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்கள் போயின. டேப்பில் தேடினால் உருப்படியாக ஒன்றும் இல்லை.

"அன்னிக்கு நீ டிரைவை எடுத்தியாம்மா?" என்று ஆராவமுதன் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள். மனுஷர் அதை அப்படியே நம்பினார். நிர்வாகி மமதா எல்லார் முன்னாலும் அவரைக் கிழித்தெடுத்தபோதும் இவளைக் கைகாட்டவில்லை. இரண்டே மாதத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார். ஸ்கேன் வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சர்வரைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

இப்போது பெர்னதெத்தின் சர்வருக்கே சீக்கு. காலையிலிருந்து டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. தொள்ளாயிரம் டயாலிசிஸ் நோயாளிகளின் விவரம் அதில். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது உட்பட. அது நிற்பதற்குள் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றியாக வேண்டும். புது டேப்பைப் போட்டாள். பதினோரு மணிக்கு இன்டர்காம் அடித்தது.

எடுத்தால் பேச்சே இல்லை. யாரோ பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு மௌனம். எண்ணைப் பார்த்தாள். ஆராவமுதனின் மேஜை எண். அந்த மேஜையில் போனே கிடையாது, போன மாதமே கழற்றிவிட்டார்கள். சட்டென்று வைத்துவிட்டாள்.

வேலையைத் தொடங்கப் போனால், டிரைவ் காலியில்லை என்றது திரை. பிடித்திருப்பது ஸ்கேன் சர்வர் என்றும் சொன்னது.

ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். அது தூசி படிந்து மூலையில் கிடந்தது, ஒரு ஒயர்கூட இல்லாமல். தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

திரும்பி வந்தபோது டிரைவுக்குள் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. பிடுங்கும் கட்டளையை அடித்தாள். என்டர் தட்டுவதுதான் பாக்கி. பக்கத்தில் அவள் டிஸ்க் டக் டக்கென்றது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தட்டியிருப்பார்கள், யாரும் தப்பு சொல்லவும் மாட்டார்கள். அவளுக்குக் கை வரவில்லை. அடித்ததை அழித்தாள்.

"முடிச்சிக்கோங்க சார். நான் வெயிட் பண்றேன்" என்றாள், அந்தக் காலி அறையில்.

நாற்பது நிமிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு டிரைவ் தானாகவே விடுபட்டது. அவளுடைய பதிவேடு முழுவதும் ஏறி முடிந்தபோது மணி இரண்டரை. மூன்றுக்கு டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது.

டேப்பில் இருப்பவற்றின் பட்டியலைத் திறந்தாள். அவளுடையதற்கு முன்னால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்களும் இருந்தன. ஒன்றைத் திறந்தால் இரண்டு சிறுநீரகங்களும் பளிச்சென்று தெரிந்தன.

தகவல் கேட்டு வந்த மமதாவுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து பாராட்டினார். ஆராவமுதன் தொலைத்ததை இவள் மீட்டுவிட்டாள் என்று மேலிடத்தில் எழுதப்போவதாகச் சொல்லி, தோளில் தட்டிக்கொடுத்தார். பேசாமல் சிரித்து வைத்தால் போதும். வெட்கங்கெட்ட மனசு அதற்கும் தயாராகத்தான் இருந்தது.

"அவர் தொலைக்கல மேடம்" என்றாள் பெர்னதெத். "அன்னிக்கு பாதியில புடுங்குனது நான். என்னைத்தான் வந்து கேட்டாரு. இல்லன்னு பொய் சொன்னேன்."

தோளில் இருந்த கையை மமதா எடுத்துக்கொண்டார்.