நெற்றித் தழும்பின் வாக்குமூலம்

சின்னம்மை அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஆளவந்தார், எதிரே வந்து நிற்பவர் முகத்திலுள்ள தழும்புகளை எண்ணாமல் வணக்கம் சொல்வதில்லை. மூன்றுக்குக் குறைந்தால் தலையசைப்பு மட்டும். ஐந்துக்கு மேலென்றால் நாற்காலி. தமது நெற்றியிலிருந்த ஒற்றைத் தழும்பைக் காலைதோறும் பன்னீர் தொட்டுத் துடைப்பார்.

அந்த ஊரில் சின்னம்மை காணாதவர் குறைவு. கண்டவருக்கு மறுபடி வருவது அதனினும் குறைவு. ஆகவே, அம்மை இனி அண்டாதவரே நோய்ப்பட்ட குழந்தையின் அறைக்குள் போகலாமென்று விதி இருந்தது. விதி நல்லதுதான். அதைத் தழும்பால் அளந்தது ஆளவந்தாரின் சொந்த அறிவு. பலருக்குத் தழும்பே தங்குவதில்லை என்பதை ஊரில் அவர் ஒருவரே அறியாதிருந்தார்.

செவ்வாய்க்கிழமை செண்பகவல்லி இளநீரோடு வந்தாள். அவளுடைய ஆறு வயது மகள், அலுவலகத் தாழ்வாரக் கோடியில் நோய்ப்பட்ட குழந்தைகளுக்கென இருந்த அறையில் வேப்பிலை மேல் படுத்து, அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தழும்பு எங்கம்மா?"

"எனக்கு அம்மை வரல சார். ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன்."

"ஓஹோ! நாங்கல்லாம் நாள் கணக்காப் படுத்துப் பொரண்டு வாங்கினத, நீங்க ரெண்டு நிமிஷத்துல வாங்கிட்டீங்களாக்கும்!"

அவர் சொல்லி முடித்ததும் தாழ்வாரம் பத்தடி நீண்டது. அங்கே அது வழக்கம்.

"புள்ள அழுவுது சார்."

"அவளுக்கும்தான் ஊசி போட்டீங்க. பின்ன ஏன் வந்துச்சு?"

"ஒண்ணுதான் போட்டோம். அதான் இருவது கொப்புளத்தோட நின்னுடுச்சு. போடாத பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு உள்ளங்கால் வரைக்கும் போட்டிருக்கு."

"என்கிட்டயே பாடம் எடுக்காதீங்க."

மேலும் பத்தடி. குழந்தையின் குரல் கொசுவின் ரீங்காரமாகச் சிறுத்தது.

அப்போது அவர் மேசைமேலிருந்த முத்திரைக்கட்டைக்குக் காய்ச்சல் கண்டது. அதன்மேல் நீர்க்கொப்புளங்கள் எழும்பின. மேசையின் பத்து இழுப்பறைகளில் ஒன்பதுக்குத் தொற்றியது. தப்பியது ஒன்றே. தடுப்பூசிச் சான்றிதழ்களை ஆளவந்தார் படிக்காமலே திணித்து வைப்பது அதற்குள்தான்.

"சார், நீங்க தள்ளிப் போயிடுங்க."

"எனக்கென்ன? என் நெத்தியப் பாரும்மா!"

நெற்றித் தழும்பு தொண்டையைச் செருமியது. மேசைமேல் இறங்கி நின்றது.

"ஐயா, நான் நீங்க சைக்கிள்லேருந்து விழுந்ததுல வந்தவன். அம்மைய நான் கண்ணால பாத்ததே இல்ல."

பின்னர் விடுப்பு விண்ணப்பம் ஒன்றை எழுதிவைத்துவிட்டு வெளியேறியது.

ஆளவந்தார் வெறும் நெற்றியைத் தடவினார்.

"எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருப்பேன்?"

"இன்னைக்கு மட்டுமா கேக்குறீங்க?"

அவர் குனிந்து, அவள் காலடியிலிருந்த தாழ்வாரத்தின் விளிம்பைப் பிடித்தார். தரை, சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் பாயைப்போல் சுருட்டினார். கோடியிலிருந்த கதவு அவள்முன் வந்து நின்றது.

"தப்பு என்னோடதும்மா. நீங்க போங்க. நான்தான் உள்ள வரக் கூடாதவன்."

கதவு திறந்து மூடியது. உள்ளே இளநீர் உறிஞ்சும் ஓசை கேட்டது. சுருட்டியதைக் கீழே வைத்தால் மறுபடி விரிந்துவிடும். ஆளவந்தார் அதைத் தோளில் சுமந்தபடி, தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.