தலைக்குப் பின்னால் புகைக்கூண்டு

ஆமாம், அந்தத் தலையைத்தான் சொல்கிறேன், அலைமேல் ஒரு கறுப்புத் தலை, அதற்குப் பின்னால் கரையில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு, தலை ஏறினால் கூண்டு மறைகிறது, இறங்கினால் தெரிகிறது, நான் கடலுக்குள் போனதே இல்லை, அன்றைக்கும் துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் பார்த்தேன், இப்போதும் பேருந்தில் கண்ணயர்ந்தால் அது வந்து நிற்கிறது. மதியம் ஒரு மணி இருக்கும், எதிரே தொம்மை அண்ணன், இடுப்பில் யாரோ கொடுத்த கைலி, புருவத்தில் உப்பு, கையில் ஆறிப்போன கட்டஞ்சாயா, விடியற்காலையில் அவர் வள்ளம் கவிழ்ந்து, கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துத் தொங்கியவரை இன்னொரு படகு தூக்கி வந்திருக்கிறது, கூடப் போன கஸ்பாரைக் காணவில்லை, இருபத்திரண்டு வயது, தொம்மை அண்ணன் மனைவி சலேத்தின் தம்பி, அந்த அக்கா சுவரோரம் நின்று சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறாள். கடலில் விபத்து என்றால் பிழைத்தவரிடம் வாக்குமூலம் வாங்கித் தட்டச்சு செய்ய வேண்டும், அதை அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதை வைத்துத்தான் தேடும் படகு எந்தப் பக்கம் என்று முடிவாகும், அது என் வேலை. என் விரல் அவர் வேகத்துக்கு ஓடாது, அதனால் போனில் பதிவு செய்துகொள்வேன்.

போயிட்டான்மா, தெக்க இழுக்கு வள்ளத்த, வல கெடக்குல்லா அடியில, நான் தொங்குதேன், அவன் பொட்டியப் புடிச்சிட்டான், ஐஸ் பொட்டி, வெள்ளப் பொட்டி, மச்சான் விட்றாதிய விட்றாதியன்னு கத்துதான், அவன் தலைக்குப் பொறத்தால புகக்கூண்டு நிக்கி, பொறவு பாத்தா கோயிலு, மாதா கோயிலு, அவன் தலைக்குப் பொறத்தால, கோயிலு நிக்கிம்மா, நான் கத்துதேன். இதை அவர் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் கோயில் வந்தது, நான் கேட்டுக்கொண்டே மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்தேன், திரும்பத் திரும்ப வருவதை எடு, வாலில் தொங்குவதை எடு, வினையைக் கடைசியில் கொண்டுபோய் வை, பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான், ஐந்து நிமிடத்தில் அடித்துவிட்டேன், படகு கவிழ்ந்ததைத் தொடர்ந்து இருவரும் தென்திசை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட நிலையில், ஐஸ் பெட்டியைப் பற்றியிருந்த கஸ்பார் பார்வையிலிருந்து மறைந்தார். அதிகாரி பூரணி மேடம் எட்டிப் பார்த்து, இப்படி இருக்கணும்மா, தெற்குன்னு ஒரே வரியில தெரியுதுல்ல என்றார், நான் உள்ளுக்குள் ஒரு சாண் உயர்ந்தேன், நீரோட்டத்தை நம்பிக் காலையிலேயே தெற்கே போன இரண்டு தேடும் படகுகளை மேடம் இன்னும் தெற்கே போகச் சொல்லிவிட்டார்.

வாசித்துக் காட்டினேன். சலேத் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள், இது யாரு பேசுதது, பன்னெண்டு வருசத்துல இந்த மனுசன் ஒரு நாளு தொடர்ந்துன்னு சொல்லிக் கேட்டதில்லயே. தொம்மை அண்ணன் பேனாவை வாங்கினார், வைத்தார், எல்லாம் நாஞ் சொன்னதுதாம்மா, ஆனா கோயில எங்க போட்ட? கோயில் இதுக்கு எதுக்குண்ணே, வேண்டுதல்லாம் பொறவு பாத்துக்கலாம், நேரம் போகுது, போடுங்க கையெழுத்த என்றார் மேடம். மாட்டேன் மேடம், நான் பாத்தது இதுல இல்ல.

எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன், வெறும் வீம்புக்குத்தான் பதிவைக் கேட்கக் காதில் போன் ஒயரை மாட்டினேன், நீங்கள் சொன்னதையே அடிக்கிறேன் பாருங்கள், ஒரு சொல்லை மாற்ற மாட்டேன் என்று அடிக்க ஆரம்பித்தேன், போயிட்டான்மா, காற்புள்ளி, தெக்க இழுக்கு வள்ளத்த, காற்புள்ளி, இங்கே என் விரல் நின்றுவிட்டது, வள்ளத்தை, அவனை இல்லை, அவர் இழுக்கு என்று முதலில் சொல்லிவிட்டு எதை என்பதைக் கொஞ்சம் பொறுத்துத்தான் போடுகிறார், எழுத்தில் நான் அந்தப் பொறுமையைத்தான் தூக்கிப் போட்டிருந்தேன், மேலே மேலே அடித்தேன், அவர் வாக்கியம் அடுக்கவே இல்லை, தண்ணீரில் தொங்கிக்கொண்டு எது கண்ணில் பட்டதோ அதை அந்த வரிசையிலேயே என் முன்னால் வைத்துக்கொண்டு போகிறார், போனது முதலில், பெட்டி அப்புறம், வெள்ளை அதற்கும் அப்புறம், பிறகு தலை, தலைக்குப் பின்னால் கூண்டு, நான் கணினித் திரையில் கடலைப் பார்க்கிறேன், அது ஆடுகிறது, கூண்டு நகர்ந்துபோய் அந்த இடத்தில் கோயில் வருகிறது.

மேடம், கோயில் கூண்டுக்கு எந்தப் பக்கம்? வடக்கே, நாலு கிலோமீட்டர் என்று சொல்லி வந்தவர் பாதியிலேயே எழுந்து சுவர் வரைபடத்துக்குப் போய்விட்டார், ஏண்ணே, கோயில் தெரிஞ்சப்போ அவன் பக்கத்திலயா இருந்தான்? சின்னதாப் போயிட்டான் மேடம், கரப் பக்கமா. தலைக்குப் பின்னால் கூண்டு போய்க் கோயில் வந்தது என்றால் அவன் வடக்கே போயிருக்கிறான், வலை கட்டிய வள்ளத்தை நீரோட்டம் தெற்கே இழுத்திருக்கிறது, மிதக்கிற பெட்டியைத் தென்காற்று வடக்கே தள்ளியிருக்கிறது, மேடம் ஒயர்லெஸ்ஸைப் பிடித்துக் கத்துகிறார், திரும்புங்க, ரெண்டு போட்டும் வடக்க திரும்புங்க, கோயிலுக்கு நேர வாங்க. மணி இரண்டே கால், இருட்ட நான்கு மணி நேரம், ஐந்து மணிக்கு மேல் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், தெரியுது மேடம், பொட்டி, வெள்ளையா, ஆள் கெடக்கான் மேல, அசையுதான், கைய ஆட்டுதான் மேடம். சலேத் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, புருஷன் காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், வளவளன்னு பேசுதியன்னு எத்தன நாளு ஏசிருக்கேன், பேசும், இனிமே நல்லாப் பேசும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஸ்பாரிடம் வாக்குமூலம், உதடு வெடித்திருந்தது, நான் போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன், அவன் சொன்னான், தெரிஞ்சுதுக்கா, தல, மச்சான் தலதான், ஏறுது எறங்குது, பொறத்தால ஒண்ணும் இல்ல, வானம், வெறும் வானம், பொறவு தலையும் இல்ல, நான் கத்துதேன். ஒரே கடல், இந்தத் தலையிலிருந்து பார்த்தால் பின்னால் கூண்டும் கோயிலும், அந்தத் தலையிலிருந்து கடல் பக்கம் பார்த்தால் ஒன்றுமே இல்லை, அப்படியே அடித்து வைத்திருக்கிறேன், ஒரு சொல் தொடவில்லை, கத்துதேன் என்பதற்கு அப்புறம் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், மேடம் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டார், விரல் போக மாட்டேன் என்கிறது, நீங்களாக இருந்தால் வைப்பீர்களா?