இரண்டு வருச நேர்ச்சை

ஆறு வயது ஸ்டெபிக்கு நாளுக்கு நான்கு தடவை வலிப்பு வந்துகொண்டிருந்தது. மூன்று மருந்து மாற்றியும் கட்டுப்படவில்லை. கடைசியில் டாக்டர் அற்புதமணி ஒரு தாளில் மூளையையும் ஈரலையும் வரைந்து, பிள்ளையின் தாய் விஜிலாவுக்குப் பாடம் நடத்தினார். சோற்றிலும் சீனியிலும் இருந்து வரும் சர்க்கரைதான் மூளைக்கு விறகு. அதை நிறுத்திக் கொழுப்பாகக் கொடுத்தால், ஈரல் அதிலிருந்து கீட்டோன் என்று ஒன்றைச் செய்து அனுப்பும். விறகில்லாத வீட்டில் தேங்காய்ச் சிரட்டை போட்டு எரிப்பதில்லையா, அப்படி மூளை அதை எரித்துக்கொள்ளும். அந்த நெருப்பில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்கிவிடும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு மிட்டாய்கூடக் கூடாது.

விஜிலா தராசு வாங்கினாள். அவள் குடியிருந்த கடலோரத்துத் திரேஸ்புரம் மீனை ஏலம் விட்டுப் பார்த்த ஊர்; அந்த மீனைக் கிராம் கணக்கில் நிறுத்து, மேலே தேங்காயெண்ணெயை அளந்து ஊற்றிப் பிள்ளைக்கு ஊட்டுவதைப் பார்த்ததில்லை. தெருவே இரக்கப்பட்டது. அந்தத் தெருவுக்கு இரக்கம் வந்துவிட்டால் வெறுங்கையோடு வராது, தின்பண்டத்தோடுதான் வரும்.

எதிர்வீட்டு பிளாரன்ஸ் தலைமை தாங்கினாள். "ஏளா, சீனி இல்லாம மூளை எப்படி வேல செய்யும்? எம் மவனுக்குப் பரீச்சை அன்னைக்கெல்லாம் குளுக்கோஸ் கரைச்சுல்லா குடுத்தேன்" என்றாள். அந்த மகன் மூன்று பாடத்தில் கோட்டைவிட்டவன் என்பதை விஜிலா மரியாதை கருதிச் சொல்லவில்லை.

டாக்டர் சோதனைப் பட்டைகளும் கொடுத்திருந்தார். சிறுநீரில் நனைத்தால், கீட்டோன் இருக்கும்போது ஊதாவாக மாறும். பத்தாம் நாள் நல்ல ஊதா வந்தது. வலிப்பு ஒன்றாகக் குறைந்தது; பிறகு இரண்டு நாள் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் பட்டை வெளுத்தது. சாயங்காலம் ஸ்டெபி வாசலில் விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. கவுன் பையில் முந்திரியும் சீனியும் சேர்த்துச் செய்த மக்ரூன் பாதி இருந்தது.

ஒரே ஒரு மக்ரூன்தானே குடுத்தேன், அது வாய் நனையக்கூடக் காணாதே என்றாள் பிளாரன்ஸ். விஜிலா டாக்டர் வரைந்த தாளை எடுத்துப்போய் மூளை, ஈரல், கீட்டோன் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். பிளாரன்ஸ் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் லட்டு கொண்டுவந்தாள்.

விஜிலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மதினி, மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். ரெண்டு வருசத்துக்குப் பிள்ள சோறும் சீனியும் தொடாது. மீறி யாரும் குடுத்தா, குடுத்த கைக்குத்தான் கேடு."

லட்டு பிளாரன்ஸின் முந்தானைக்குள் போய்விட்டது. "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றாள்.

அன்றிலிருந்து பிள்ளைக்குக் காவல் அவள்தான். பிறந்தநாள் கேக்கோடு வந்தவர்களைத் தெருமுனையிலேயே மறித்தாள். கடை வைத்திருக்கும் நயினார் அண்ணாச்சியிடம், பிள்ளை கையில் மிட்டாய் கண்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லி வைத்தாள். நேர்ச்சை வைக்கச் சொன்னதே தான்தான் என்றும் ஊருக்குள் சொல்லிக்கொண்டாள். விஜிலா மறுக்கவில்லை. பட்டை தினமும் ஊதாவாக வந்தது; அவளுக்கு அது போதும். ஞாயிறுதோறும் கோயிலில் முழங்காலிட்டு, நான் நேரவே இல்லையென்று உனக்குத் தெரியும், பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள் தாயே என்று மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வலிப்பில்லாமல் மூன்று மாதம் போனது. டாக்டர் அவள் குறித்துவைத்திருந்த நோட்டைப் புரட்டி அசந்துபோனார். இந்தச் சாப்பாட்டைத் தொடங்கிய பிள்ளைகளில் பாதிப்பேரை அவர் அத்தை, சித்திகளின் பாசத்திடம் பறிகொடுத்திருந்தார். நான் விளக்கியது அவ்வளவு நன்றாகப் புரிந்ததா என்று கொஞ்சம் பெருமையோடு கேட்டார். விஜிலா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள். அவர் நோட்டை மூடி அவளிடம் நீட்டினார்.

அவள் எழுந்து பைக்குள் நோட்டை வைப்பதற்குள், பேச்சி என்ற பெண், அதே சாப்பாட்டில் இருந்த தன் மகளோடு உள்ளே வந்துவிட்டாள். மாமியார் வீட்டார் ஒளித்து ஒளித்துக் கருப்பட்டி கொடுத்துக் கெடுக்கிறார்கள், மறுபடி வலிப்பு வருகிறது என்று அழுதாள். டாக்டர் வழக்கம்போல் ஒரு தாளை இழுத்து மூளையை வரைந்தார். ஈரலுக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"உங்க குலசாமி எதும்மா?" என்று கேட்டார்.