குறுக்கே வெட்டுகிறவளின் பாட்டு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். தங்கைக்குக் கிடைத்த வளை, அக்காவின் தையற்கடைக்குப் பின்னாலிருந்த துணி அறை. நாலு பக்கமும் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்ததால் எதிரொலி இல்லை, வாடகையும் இல்லை. தன் முதல் ஆல்பத்தின் பாட்டுகள் அத்தனையையும் அவள் அங்கேதான் கிடாரோடு உட்கார்ந்து பாடினாள். பதிவு செய்தவன் அவளுடைய கல்லூரித் தோழன். எந்நேரமும் கழுத்தில் மாட்டியிருந்ததே அவனுக்குப் பெயராகிவிட்டது: ஹெட்போன்.

எல்லாமே தெரிந்த மனிதர்களைப் பற்றிய பாட்டுகள். பல்லுக்குப் பயந்து பாகற்காயைக்கூடக் கூழாக்கிக் குடிக்கும் மாமா, தினமும் வழி தவறும் பஸ் டிரைவர் என்று யாரையும் அவள் விடவில்லை. அதில் ஒன்று, யாரையும் பேச்சை முடிக்கவிடாத ஒருத்தியைப் பற்றியது.

*காத்து பேச வந்தாக்கூட
கத்தரி போட்டு வெட்டுவா,
கனவுல நான் பேசினாலும்
குறுக்க வந்து கொட்டுவா!*

அது யாரென்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. "அக்கா, எனக்கு..." என்று ஆரம்பித்தால், "பசிக்குது, தெரியும், போய்ச் சாப்பிடு" என்று பதில் வரும். இடம் கொடுத்தவளையே கேலி செய்து பாடியாகிவிட்டது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றால் இதுதான்.

அந்தப் பாட்டுக்குக் கடைசியாக ஒரு சரணம் உண்டு. அதில் கேலி இல்லை. அதனாலேயே அதை அவள் பாடவில்லை. அந்தக் குடும்பத்தில் கிண்டலுக்குப் பஞ்சமே கிடையாது. நல்ல வார்த்தையை முகத்துக்கு நேரே சொல்வதென்றால்தான் எல்லாருக்கும் கூச்சம் வந்துவிடும்.

"பாட்டு மொட்டையா நிக்குது. அதையும் பாடிடேன்," என்றான் ஹெட்போன்.

"கூச்சமா இருக்குடா. விடு."

மறுநாள் ஆல்பம் இணையத்தில் ஏறப்போகிறது என்ற நிலையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையிலேயே எல்லாரையும் கூட்டி அதைப் போட்டுக் காட்டினார்கள். துணி வெட்டும் மேஜையை ஓரங்கட்டி நாற்காலி போட்டாயிற்று. முதல் வரிசையில் அக்கா, பக்கத்தில் அத்தை. அக்கா கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று தங்கை உட்காராமல் சுவரோரமாகவே நின்றாள்.

அந்தப் பாட்டு வந்ததும் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தது. அக்காவோ தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"அப்படியே நம்ம அத்தை! உரிச்சு வச்ச மாதிரி இருக்கு!"

"நானா? நான் எப்படி..." என்று அத்தை தொடங்கினாள்.

"பாத்தீங்களா, இப்பக்கூட குறுக்க பேசறாங்க!"

வந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியாத அத்தை, கண் கலங்கிக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பேசாமல் இருந்தால் தங்கை தப்பித்திருப்பாள். பழி அத்தையோடு போயிருக்கும். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"உக்காருங்க அத்தை. அது நீங்க இல்ல." பாட்டை நிறுத்தச் சொன்னாள். "அக்கா, அது நீதான்."

"நானா?" அக்காவின் சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்க்கத் தங்கைக்குத் தாங்கவில்லை. சமாதானம் சொல்லத் தெரியாமல் கிடாரை எடுத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, விட்டுப்போன சரணத்தை முணுமுணுத்தாள்.

*தன்னோட நல்ல கோட்ட வெட்டி
என் கிடாருக்கு உறை தைச்சா,
குளிருல தான் நடுங்கிக்கிட்டு
என்ன ஊர் ஊராப் பாட வச்சா.*

பாடி முடித்தும் அவள் தலை நிமிரவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏண்டி, திட்டறத மட்டும் ஊருக்கே கேக்கற மாதிரி பாடற. இத ஏன் வாய்க்குள்ளயே முனகற?"

"அக்கா, எனக்கு..."

"கூச்சமா இருக்கு, தெரியும். சத்தமாப் பாடு. டேய் ஹெட்போன், இதையும் பிடி, இது இல்லாம ஒண்ணும் நாளைக்கு வெளிய போகக்கூடாது." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் வாய மூடுங்க. என் பாட்டு வருது."